ஜெர்மானிய சமூக வரலாற்றாளரின் கல்விப் பாதையை ஆராய்வது எப்படி?

ஜெர்மானிய சமூக, பண்பாட்டு வரலாற்றாளர் ஒருவரின் கல்விப் பாதையை ஆராய விரும்புவோர், முதலில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வையும், பேராசிரியர் தகுதிக்காக அவர் எழுதிய ஹபிலிடாட்சியோன் என்னும் இரண்டாம் பெரும் ஆய்வையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். இரண்டாம் ஆய்வு வேறொரு காலத்தையோ களத்தையோ எடுத்துக்கொள்வது அங்கு மரபாதலால், அவருடைய சிந்தனை திரும்பிய இடம் பெரும்பாலும் இங்கேதான் புலப்படும். தகுதி பெற்றபின் நிரந்தரப் பதவியின்றிக் கற்பித்த ஆண்டுகள் இருந்தால், அவற்றைத் தோல்வியாகக் கருதிவிடக் கூடாது. அந்நாட்டில் அது வழக்கமான கட்டமே. ஒருவர் பணியாற்றும் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியர் பதவிக்கு அழைப்பது அங்கு அரிது என்பதால், ஊர்மாற்றங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 1970களில் ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாளர்கள் ஹான்ஸ்-உல்ரிச் வேலரும் யூர்கன் கோக்காவும் சமூகக் கட்டமைப்புகளை முன்னிறுத்தி வளர்த்த சிந்தனைப் பள்ளியை அவர் ஏற்றாரா, அன்றாட வாழ்வை முன்வைத்து மறுத்தாரா என்பதை, அக்காலத்தில் அவர் எழுதிய நூல் மதிப்புரைகளிலும் தேடலாம்.