பட்டுப்புடவையும் பத்துச் சொட்டுத் தண்ணீரும்

நீர்த்துளியைப் படமெடுக்க மழைக்குக் காத்திருக்க வேண்டாம். கண்ணாடித் தட்டு ஒன்றை இரண்டு டப்பாக்களின் மேல் படுக்க வையுங்கள். அதற்கு ஒரு சாண் கீழே கரை நன்றாகத் தெரியும்படி பட்டுப்புடவையை விரித்துவிடுங்கள். கண்ணாடியில் கார் பாலிஷ் மெழுகை லேசாகத் தேய்த்துத் துடைத்தால் தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். சொட்டு மருந்துக் குப்பியின் மூடியால் துளிகளை வையுங்கள். தண்ணீரில் கொஞ்சம் கிளிசரின் கலந்தால் துளி சீக்கிரம் காயாது.

இப்போது மேலிருந்து பாருங்கள். ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ். அதற்குள் புடவையின் கரை தலைகீழாக, கடுகளவில் தெரியும். எனக்கு இன்னும் அலுக்காத காட்சி இது!

ஃபோகஸை இந்தக் குட்டி பிம்பத்தின் மேல் வையுங்கள். பலரும் துளியின் விளிம்பில் வைத்துவிடுகிறார்கள். கேமராவில் அபர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப்/8 முதல் எஃப்/11 வரை போதும். விளக்கைப் புடவைக்குப் பக்கவாட்டில் காட்டுங்கள். மேலிருந்து அடித்தால் துளியில் வெள்ளைப் புள்ளிதான் விழும்.

அப்புறம் எடிட்டிங். முதலில் படத்தை 180 டிகிரி திருப்பிப் பாருங்கள். துளிக்குள் இருப்பது நேராகிவிடும். ஸ்னாப்சீட் என்ற எடிட்டிங் செயலியில் ஹீலிங் என்ற கருவியைக் கொண்டு கண்ணாடித் தூசியை நீக்குங்கள். கான்ட்ராஸ்டைத் துளிகளுக்கு மட்டும் கூட்டுங்கள். சாச்சுரேஷனைத் தொடவே வேண்டாம், பட்டின் நிறமே தாராளம்.