தூக்கத்தின் எண் 96: ஜப்பானியம் தெரியாமல் போக்கிமான் களஞ்சியம் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இந்தப் பாதையில் தூக்கம் அடிக்கடி வரும். அதிர்ஷ்டம் அரிதாகவே வரும்." போக்கிமான் என்ற வீடியோ ஆட்டத் தொடரின் பிராணிகளைப் பற்றி ஜப்பானிய மொழியில் உள்ள இணையக் களஞ்சியத்தை முதன்முதலாகத் திறந்து, மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தியபோது எனக்குக் கிடைத்த வாக்கியங்கள் இந்த ரகம்தான். பழமொழி ஏதோ சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பழமொழியும் இல்லை, தத்துவமும் இல்லை. 'சுரீப்பு', அதாவது 'ஸ்லீப்', என்பது நாம் டிரவுஸி என்று அறிந்த பிராணியின் ஜப்பானியப் பெயர், போக்கிமான் பட்டியலில் எண் 96. 'ராக்கி', அதாவது 'லக்கி', என்பது சான்ஸி; எண் 113.

போக்கிமான் ஆட்டங்கள் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் பிறந்தவை. அமெரிக்காவுக்கு 1998 செப்டம்பரில்தான் வந்தன. பெயர்கள், கணக்குகள், பழைய பதிப்புகளின் விநோதங்கள் ஆகியவற்றைத் தோண்ட விரும்புகிறவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் ஜப்பானியக் களஞ்சியத்தின் வாசலில் போய் நிற்பார்கள். மொழி தெரியாமலும் உள்ளே நடமாடலாம். ஆனால் பெரும்பாலானோர் முதல் அடியிலேயே வழுக்குகிறார்கள். நானும் வழுக்கியவன்தான்.

பக்கம் முழுவதையும் முதலிலேயே மொழிபெயர்ப்பது

முதல் தவறு அந்தப் பொத்தான். ஆங்கிலத்திலிருந்து ஒலியைக் கடன்வாங்கி, கதகானா என்ற ஒலி எழுத்தில் வைத்த பெயர்கள் போக்கிமானில் ஏராளம். சைத்தர் அங்கே 'ஸ்ட்ரைக்', சாண்ட்ஷ்ரூ வெறும் 'சாண்ட்', மேக்னமைட் 'காயில்'. இயந்திரத்துக்கு இவை பெயர்கள் என்று தெரியாது. கடமை உணர்ச்சியோடு அடி, மணல், சுருள் என்று பெயர்த்துவிடும். இதில் உச்சம் 'கோஸ்ட்'. ஜப்பானியத்தில் அது ஆவி வகையின் பெயர். ஹாண்டர் என்று நாம் அழைக்கும் 93ஆம் பிராணியின் பெயரும் அதுவே. "கோஸ்ட் என்பது கோஸ்ட் வகை" என்ற வாக்கியம் உளறல் அல்ல, சரியான தகவல்.

சொந்த ஜப்பானியப் பெயர்களிலும் சிக்கல் உண்டு. சார்மாண்டரின் பெயர் ஹிதோகாகே. 'ஹி' நெருப்பு, 'தோகாகே' பல்லி. சொற்களுக்கு நடுவே இடைவெளி விடும் வழக்கம் ஜப்பானியத்தில் இல்லாததால், இதையே 'ஹிதோ', 'காகே' என்றும் வெட்டலாம். அப்போது நெருப்புப் பல்லி 'மனித நிழல்' ஆகிவிடும்.

ஆரம்பகால ஆட்டங்கள் காஞ்சி எனப்படும், பொருளைக் குறிக்கும் சீன எழுத்தே இல்லாமல், ஒலி எழுத்துகளில் மட்டும் வந்தவை. காஞ்சியைத் தேர்ந்துகொள்ளும் வசதி 2010இல் வந்த பிளாக், ஒயிட் பதிப்புகளில்தான் கிடைத்தது. வகைகள், தாக்குதல்கள், குணங்களின் பெயர்கள் பலவும் இன்றுவரை ஒலி எழுத்திலேயே எழுதப்படுகின்றன. 'ஆறு' என்பது நதியா, எண்ணா, ஆறிப்போ என்ற கட்டளையா என்று தனியாகப் பார்த்தால் நமக்கே தெரியாது அல்லவா, அதே கதைதான். 'முஷி' என்றால் பூச்சி, பொருட்படுத்தாமை என்ற பொருளும் உண்டு. 'செய்காகு' என்றால் சுபாவம், துல்லியம் என்றும் கொள்ளலாம். அட்டவணையில் "துல்லியம்: தைரியம்" என்று வந்தால், அங்கே சுபாவத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. ஆங்கிலக் களஞ்சியமான பல்பபீடியாவில் அந்தப் பிராணியின் பக்கத்தைத் திறந்து, அங்குள்ள பிறமொழி இணைப்பின் வழியாக ஜப்பானியப் பக்கத்துக்குத் தாவுங்கள். இரண்டு களஞ்சியங்களும் பல மொழிக் களஞ்சியங்கள் சேர்ந்த ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்தவை. மூலப் பக்கத்தை ஒரு சாளரத்திலும் மொழிபெயர்ப்பை இன்னொன்றிலும் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது. பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். ஆனால் எந்த எண் என்று பாருங்கள். 'ஸென்கோகு' என்று தொடங்குவது தேசிய எண். வட்டார எண்கள் வேறு. சிகோரீட்டா என்ற பிராணியின் தேசிய எண் 152, ஜோத்தோ வட்டாரப் பட்டியலில் அதற்கு எண் 1.

அகரவரிசையைக் கண்டு ஓடுவது

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. ஆங்கில வாசகருக்கு அது கிடையாது.

ஜப்பானிய அகராதி வரிசையைச் சொல்கிறேன்: அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. கடைசியில் தனித்து நிற்கும் ன். எங்கோ கேட்ட மாதிரி இல்லையா? பௌத்தத் துறவிகள் சித்தம் என்ற இந்திய எழுத்தின் வழியாக சமஸ்கிருத ஒலியியலைக் கற்றபோது ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்த வரிசை இது. நடுவில் 'ஹ' மட்டும் உறுத்துகிறது. அந்த ஒலி பழங்காலத்தில் 'ப' ஆக இருந்தது. அதை ப என்று வைத்துப் பாருங்கள், க ச த ந ப ம ய ர வ என்று நம் பள்ளிக்கூட வரிசை வந்து நிற்கும்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. நாம் க என்ற ஒரே எழுத்தை வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் வைத்துக்கொள்கிறோம். அவர்கள் எழுத்தின் தோளில் இரண்டு சிறு கீறல்களைப் போட்டு வேறுபடுத்துவார்கள். ஆனால் அகரவரிசையில் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைப்பார்கள். ஆகவே கெங்கார் (Gengar) என்ற பிராணியை 'கெ'யில் தேடினால் போதும்.

தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது, ப (pa) ஒலியும் ப³ (ba) ஒலியும் ஹ வரிசைக்குள் அடங்கும். பிகாச்சுவை 'ஹி'யின் கீழ் தேட வேண்டும். இரண்டாவது, த வரிசை 'த, ச்சி, ட்சு, தெ, தொ' என்று போகும்; ஆகவே சிகோரீட்டா ச வரிசையில் இல்லை, த வரிசையில் இருக்கிறது. மூன்றாவது, லகரம் என்று தனியாக எதுவும் கிடையாது, எல்லாம் ர வரிசைதான். சான்ஸியின் 'லக்கி' 'ராக்கி' ஆனது அதனால்தான். இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால், கதகானா எழுத்துகளைப் பக்கத்தில் ஒரு தாளில் வைத்தபடி சொல்லடைவுப் பக்கத்தில் சுலபமாக நடக்கலாம். அடிப்படை எழுத்துகள் 46தான். 247 படித்தவர்கள் இதற்கு மலைக்கலாமா?

எழுத்தைக் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்வது மட்டும் வேண்டாம். 'ஷி', 'ட்சு' இரண்டிலும் இரண்டு சிறு கோடுகளும் ஒரு நீண்ட வளைவும் இருக்கும். சிறு கோடுகள் இடப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் 'ஷி', மேலே பக்கம்பக்கமாக நின்றால் 'ட்சு'. 'சொ', 'ன்' இரண்டும் இதேபோல் இரட்டையர், சிறு கோடு மட்டும் ஒன்று. இவையாவது உற்றுப் பார்த்தால் பிடிபடும். கதகானாவின் 'க'வும் வலிமையைக் குறிக்கும் காஞ்சியும், 'ரொ'வும் வாயைக் குறிக்கும் காஞ்சியும் அச்சில் ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு குறியீடுகள். படத்திலிருந்து எழுத்தைப் படித்துத் தரும் கருவி இதில் ஏமாந்தால், தேடலில் ஒன்றும் கிடைக்காது. பக்கமே இல்லை என்று நீங்கள் முடிவுகட்டிவிடுவீர்கள். எப்போதும் படியெடுத்து ஒட்டுங்கள். கடைசி எழுத்துவரை எடுத்தோமா என்றும் பாருங்கள். 'ரிஸாதோ' என்றால் சார்மிலியன், 'ரிஸாதோன்' என்றால் சாரிஸார்ட். ஒரு 'ன்' விட்டுப்போனால் வேறொரு பிராணியின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே பெயர் என்றால் ஒரே ஆள் என்று நினைப்பது

போக்கிமானில் இதற்குச் சரியான உதாரணம் 'நீலம்'. 1996இல் ஜப்பானில் முதலில் வந்த பதிப்புகள் சிவப்பும் பச்சையும். நீலம் அதே ஆண்டு அக்டோபரில் தனியாக வந்தது. வெளிநாடுகளில் வந்த நீலம் அதுவல்ல: அதில் எந்தெந்தப் பிராணிகள் கிடைக்கும் என்பது ஜப்பானியப் பச்சையை ஒட்டியது. ஜப்பானிய நீலத்தின் பட்டியலைப் பார்த்து வெளிநாட்டு நீலத்தில் தேடுகிறவர் புல்வெளியில் வீணாக நடப்பார்.

மற்ற ஆட்டத் தொடர்களில் இது இன்னும் மோசம். மரியோவின் பரம எதிரி பவுசருக்கு ஜப்பானியத்தில் கூப்பா என்று பெயர். ஆங்கிலத்தில் கூப்பா என்றால் அவனுடைய ஆமைப் படை. ஜப்பானியத்தில் அந்த ஆமைக்கு நோகோநோகோ என்று பெயர். ஸ்ட்ரீட் ஃபைட்டர் தொடரில் மூன்று பேரின் பெயர்களைச் சுழற்றியே விட்டார்கள். ஜப்பானில் எம். பைசன் என்றால் குத்துச்சண்டைக்காரன். வெளிநாட்டில் அவன் பால்ராக். ஜப்பானின் பால்ராக், நகக்கத்திக்காரன், வெளிநாட்டில் வேகா. ஜப்பானின் வேகா, சர்வாதிகாரி, வெளிநாட்டில் எம். பைசன். பெயரைச் சரியாக எழுத்துக்கூட்டிப் படித்தும் தவறான ஆளிடம் போய்ச் சேரும் அரிய வாய்ப்பு இது. ஃபைனல் ஃபேன்டஸி நான்காம் பாகம் அமெரிக்காவில் இரண்டாம் பாகமாகவும், ஆறாம் பாகம் மூன்றாம் பாகமாகவும் வந்தன. 1997இல் ஏழாம் பாகத்தில்தான் எண்கள் ஒன்றுபட்டன.

வாக்கியத்தின் வாலைப் பார்க்காமல் விடுவது

தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு போன்றவை பெயருக்குப் பின்னால் ஒட்டும்: 'நோ' என்றால் உடைய, 'கரா' என்றால் இலிருந்து, 'மாதே' என்றால் வரை. கேள்விக்கு நாம் 'ஆ' சேர்ப்பதுபோல் அவர்கள் 'கா' சேர்ப்பார்கள். மறுப்பும் வாலில்தான் இருக்கிறது. 'தெகிரு' என்றால் முடியும், 'தெகினாய்' என்றால் முடியாது. நீண்ட வாக்கியங்களில் இயந்திரம் இந்த 'நாய்' பகுதியைத் தொலைத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நம்ப முடியாத தகவல் வந்தால், மூல வாக்கியத்தின் கடைசி எழுத்துகளைத் தனியாக ஒட்டிப் பாருங்கள். அட்டவணைகளில் மறுப்பு வேறு வேடத்தில் வரும். மேலே ஒரு கிடைக்கோடும் அதன் கீழே மூன்று கால்களும் உள்ள காஞ்சி 'ஃபு'. அதில் தொடங்கும் 'ஃபுகா' என்றால் இயலாது.

அளவுச் சொற்களில் இன்னும் கவனம் தேவை. 'இஜோ', 'இகா' இரண்டும் குறிப்பிட்ட எண்ணையும் சேர்த்தவை. "30 இஜோ" என்றால் 30 அல்லது அதற்கு மேல். மொழிபெயர்ப்பில் இது "30க்கு மேல்" என்று வந்தால் 30 வெளியே போய்விடுகிறது. எண்ணைச் சேர்க்காமல் 'அதற்குக் குறைவு' என்பதற்கு 'மிமான்' என்ற தனிச்சொல் உண்டு. சார்மாண்டரின் நெருப்புத் தாக்குதல்களுக்கு வலுவூட்டும் தனித்திறன் உயிர்ப்புள்ளி மூன்றில் ஒரு பங்கு 'இகா' ஆனவுடன் வேலை செய்யும். சரியாக மூன்றில் ஒரு பங்கு இருந்தாலும் வேலை செய்யும். போட்டியில் இந்த ஒரு புள்ளிக்காகத் தோற்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். பெரிய எண்களில் 'மான்' என்றால் பத்தாயிரம். 100 மான் என்பது 10 லட்சம். 'ஓகு' என்றால் 10 கோடி.

இன்னொரு வால், 'ராஷீ'. நம் 'வருமாம்', 'கிடைக்குமாம்' என்பதில் உள்ள 'ஆம்' செய்யும் வேலையை இது செய்கிறது: நான் பார்க்கவில்லை, அப்படித்தான் தெரிகிறது. 'ஓமோவாரேரு' என்று முடிந்தால் 'எனக் கருதப்படுகிறது'. ஜப்பானியத் தொகுப்பாளர்கள் இந்த வேறுபாட்டைக் கவனமாகக் கடைப்பிடிக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் இது கரைந்து, ஊகம் உண்மையாக வந்து நிற்கிறது. 'யோ ஷுத்தென்' என்ற குறிப்பு இருந்தால் ஆதாரம் தேவை என்று பொருள். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

குறிகளை நம் வழக்கப்படி படிப்பது

அட்டவணையில் வட்டம் இருந்தால் நமக்கு சுழியம் அல்லது 'இல்லை' என்று தோன்றும். ஜப்பானில் வட்டம்தான் சரி, ஆம், கிடைக்கும். இரட்டை வட்டம் மிக நன்று. முக்கோணம் அரைகுறை அல்லது நிபந்தனையோடு. பெருக்கல் குறி இல்லை. நாம் சரி போடும் குறியை அங்கே ஆசிரியர்கள் தவறான விடைக்குப் போடுவதும் உண்டு. பிளேஸ்டேஷன் ஆட்டங்களின் பழைய ஜப்பானியக் குறிப்புகளிலும் வட்டப் பொத்தான் உறுதிசெய்ய, பெருக்கல் பொத்தான் கைவிட. 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதுதான் ஜப்பானிலும் அது தலைகீழானது.

ஆங்கிலப் பெயர் கிடைத்துவிட்டால் போதும் என்று நிற்பது

ஜப்பானிய உருப்படி ஒன்றுக்கு இணையத்தில் ஆங்கிலப் பெயர் கிடைத்தால், அது நிறுவனம் வைத்ததா ரசிகர் வைத்ததா என்று பாருங்கள். மரியோ தொடரின் அதிகாரபூர்வக் களஞ்சியம் 2015இல் ஜப்பானில் வந்தது. அதன் ஆங்கிலப் பதிப்பு 2018இல் வெளியானபோது, ரசிகர் களஞ்சியத்தில் 'தற்காலிகமாக வைத்தது' என்று குறித்திருந்த பெயர்கள் சில அச்சாகியிருந்தன. ரசிகர்களே வைத்த பெயர், அதிகாரபூர்வப் புத்தகத்தில் ஏறி, ரசிகர்களிடமே ஆதாரமாகத் திரும்பி வந்தது. குறிப்பெடுக்கும்போது ஜப்பானியப் பெயரை மூல எழுத்திலேயே ஒட்டி, பக்கத்தில் எண்ணையும் எழுதி, ஆங்கிலப் பெயரைக் கடைசியில் போடுங்கள். என் பழைய குறிப்பேட்டில் "தூக்கம், பாதை 11" என்று மட்டும் இருக்கிறது. எந்தப் பதிப்பின் பாதை என்று எழுதிவைக்கவில்லை.