ஆசிரியர் பணி விண்ணப்பத்தில் மத நம்பிக்கையை எழுதலாமா?

பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் முன், அது மதம் சார்ந்த நிறுவனமா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் நம்பிக்கையை எழுதத் தேவையே இல்லை. அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டமும் பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமும் வேலைக்கு எடுப்பதில் மதப் பாகுபாட்டைத் தடுக்கின்றன. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் மதம் சார்ந்த கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. தங்கள் மதத்தவரையே அவை தேர்ந்தெடுக்கலாம். அப்படிப்பட்ட சில நிறுவனங்களில், உங்கள் மத நம்பிக்கையைச் சொல்லும் 'நம்பிக்கை அறிக்கை' என்று தனியாக ஒரு பக்கம் கேட்பார்கள். அங்கே மழுப்பாதீர்கள். மனம் ஒப்பாததில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தால், பிறகு வகுப்பில் நிற்கும்போதெல்லாம் உறுத்தும்.

பலரும் தடுமாறுவது சுயவிவரத்தில்தான். ஒரு மத அமைப்பில் மூன்று வருடம் பாடம் நடத்தியிருப்பீர்கள். அதை மறைப்பதா? வேண்டாம், அது உங்கள் உழைப்பு. 'இளைஞர்களுக்கு வாராந்திர வகுப்பு, பாடத்திட்டம் தயாரிப்பு' என்று செய்த வேலையை முன்னால் வையுங்கள். அமைப்பின் பெயர் அதற்கடுத்து வரட்டும்.

நேர்காணல் நாளில் சாப்பாட்டு மேசையில் யாராவது உங்கள் மத நம்பிக்கையைப் பற்றிப் பேச்சுவாக்கில் கேட்கலாம். பதறாமல், "எந்த நம்பிக்கை உள்ள மாணவரும் என் வகுப்பில் தயங்காமல் பேசுவார்" என்று சொல்லி, அப்படி நடந்த ஒரு வகுப்பை விவரியுங்கள்.

அப்புறம், வழிபாட்டு நேரம், பண்டிகை விடுப்பு போன்றவற்றைப் பணி ஆணை கைக்கு வந்த பிறகு, சேருவதற்கு முன்பே, மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.