விளக்கேற்றப் போகிறவர்களுக்கு: ஊரில் நினைவேந்தல் நாள்களும் நடைமுறையும்

கார்த்திகையில், அதாவது நவம்பரில், இலங்கையின் வடக்கு கிழக்கிலுள்ள தங்கள் ஊருக்கு டிக்கெட் போட்டவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "துயிலும் இல்லத்துக்குப் போகலாமா, ஏதும் பிரச்சினை வருமா?" என்பதுதான். வீரச்சாவடைந்த விடுதலைப் புலிப் போராளிகள் துயிலும் இடம் அது. போகலாம். ஆனால் உங்கள் வீட்டார் யாருக்காக, எந்த நாளில், எங்கே விளக்கேற்றுகிறார்கள் என்பதை முதலில் அவர்களிடம் கேளுங்கள். டிக்கெட் எடுக்க முதலே கேட்டால் இன்னும் நல்லது.

வன்னியில் ஓர் ஒழுங்கையில் நடந்தால் ஒரு வீட்டில் போராளியாய்ப் போய் வீரச்சாவடைந்த பிள்ளை, அடுத்த வீட்டில் ஷெல் விழுந்து செத்த தாய், அதற்கடுத்த வீட்டில் படையினரிடம் கையளித்த பிறகு இன்றுவரை திரும்பாத கணவன். மூன்று வீட்டிலும் துக்கம் ஒன்று, நாள் வேறு, முறை வேறு. என் பெரியம்மா வீட்டில் மட்டுமே இரண்டு நாள் இருக்கிறது. மூத்த அண்ணாவுக்குக் கார்த்திகை 27, அதாவது நவம்பர் 27. இளையவளுக்கு வைகாசி 18, 2009இல் போர் முடிந்த மே 18. அவள் 2009இல் எந்த நாளில் போனாள் என்று வீட்டில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. திதி பார்க்கத் திகதி இல்லாத குடும்பங்கள் பல, வைகாசி 18ஐயே தங்கள் ஆண்டுத் திவசமாக வைத்துக்கொண்டிருக்கின்றன. அன்று காலையில் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிதிர்க்கடன் செய்துவிட்டு, இறுதிப் போர் நடந்த முள்ளிவாய்க்காலுக்கு வருகிற சனத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

கார்த்திகை 27

1982 நவம்பர் 27 அன்று விடுதலைப் புலிகளில் முதலாவதாக வீரச்சாவடைந்த போராளியான சங்கர் மாலை 6.05க்கு உயிர்விட்டார். 1989இலிருந்து அந்த நாள் மாவீரர் நாளாக வந்தது. அதனால்தான் நேரம் இவ்வளவு கணக்காக இருக்கிறது: 6.05க்கு மணி, 6.06க்கு அகவணக்கம், 6.07க்கு ஈகைச்சுடர். பொதுச்சுடரை மாவீரரின் பெற்றோர் ஒருவர் ஏற்றுவார். அதே கணத்தில் மற்றவர்கள் தத்தம் பிள்ளைக்குரிய சுடரை ஏற்றுவார்கள். நவம்பரில் அந்த நேரம் சரியாக இருட்டு விழும் நேரம். ஆயிரம் சுடர் ஒன்றாக எரியத் தொடங்கும்போது முதல் தடவை போகிறவர்களுக்குக் கால் உதறும். ஒரு பக்கமாய் நில்லுங்கள், அழுகை வந்தால் அழுங்கள், யாரும் உங்களைப் பார்க்கப்போவதில்லை.

சொற்களைத் தெரிந்துகொண்டு போங்கள். துயிலும் இல்லத்தைச் 'சுடுகாடு' என்றோ 'சவக்காலை' என்றோ சொல்வதில்லை. அங்கே உடலை வித்துடல் என்பார்கள், புதைத்ததாகச் சொல்லாமல் விதைத்ததாகச் சொல்வார்கள். வித்துடல் கிடைத்தவர்களுக்குக் கல்லறை, கிடைக்காதவர்களுக்கு நினைவுக்கல் என்று இரண்டு விதம் இருந்தது. இன்று அந்தக் கற்கள் இல்லை. போர் முடிந்த பிறகு படையினர் அவற்றை இடித்து உழுதுவிட்டார்கள். கோப்பாயில் இருந்ததை 1990களில் ஒருமுறை இடித்தார்கள், சமாதான காலத்தில் சனம் திருப்பிக் கட்டியது, போருக்குப் பின் மறுபடி இடித்து அதன் மேல் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகத்தைக் கட்டினார்கள். கோப்பாய்ச் சனம் இப்போது அதற்கு முன்னாலுள்ள காணியில் நின்றுதான் விளக்கேற்றுகிறது. உங்கள் தம்பியின் கல் இருந்த இடத்தைத் தேடி அந்த வேலியோரம் போகாதீர்கள், முகாமின் பக்கம் கமராவையும் திருப்பாதீர்கள்.

கிளிநொச்சி கனகபுரம் அப்படியில்லை. 2016 நவம்பரில் சனம் பற்றையை வெட்டி, உள்ளே போய்ப் பகிரங்கமாக விளக்கேற்றியது. உடைந்த கல்லறைத் துண்டுகளைப் பொறுக்கி ஓரிடத்தில் குவித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குவியலில் பிள்ளையின் பெயரில் பாதி எழுத்தாவது இருக்குமா என்று ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் பார்க்கிற தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். ஒரு துண்டையும் நினைவுக்கென்று எடுத்து வராதீர்கள். அது யாரோ ஒருவருடைய பிள்ளை.

சரியான இடம் தெரியாத குடும்பங்கள் ஓர் இடத்தைத் தாங்களே குறித்துவைத்து, ஆண்டுதோறும் அதே இடத்தில்தான் நிற்கும். ஆகவே வெறுமையாய்க் கிடக்கிற சுடரடியில் போய் நிற்கும் முன், "இது யாருக்கும் உரிய இடமோ?" என்று பக்கத்தில் கேளுங்கள். பேச்சுக் கொடுத்தால் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். இரண்டு பெயர் சொல்வார்கள், இயக்கப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று. தாய் எந்தப் பெயரைச் சொல்லி அழுகிறாரோ அந்தப் பெயரையே நீங்களும் சொல்லுங்கள். எந்தச் சண்டையில், எப்படி என்று அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகக் கிண்டாதீர்கள்.

பகலிலேயே, மூன்று மணிக்குள் போய்விடுங்கள். மாரி காலம், குடையும் சேற்றுக்குத் தாங்குகிற செருப்பும் தேவை. 2024இல் அந்த வாரம் வடக்கில் வெள்ளம், ஆனாலும் சனம் நனைந்துகொண்டே வந்து நின்றது. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ, திரி, தீப்பெட்டி, கற்பூரம், ஒரு மாலை போதும். சுடர் கட்டுகிற தடியும் துணியும் பெரும்பாலும் ஏற்பாட்டாளர்களிடமே இருக்கும். கார்த்திகைப்பூ வேலிகளில் தானாகப் பூத்துக் கிடக்கும். அதன் கிழங்கு கொடிய நஞ்சு, கூடப் போகும் சின்னப் பிள்ளைகளின் கையில் செடியைக் கொடுக்காதீர்கள்.

அதற்கு முந்திய நாள்களில் ஊர் ஊராக மாவீரர் பெற்றோரை அழைத்துக் கௌரவித்து, தென்னங்கன்றோ மாங்கன்றோ கையில் கொடுப்பார்கள். ஏதாவது செய்ய ஆசைப்பட்டால் அந்தக் கன்றுகளுக்கு உதவுங்கள். கன்றைத் தாய் தன் வளவில் நட்டு, பிள்ளையின் பெயர் சொல்லித் தண்ணீர் ஊற்றுவார்.

வைகாசி 18

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ-35 வீதி விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் வழியாக வட்டுவாகல் பாலத்துக்கு இறங்குகிறது. 2009இல் சனம் நகர்ந்து போன வழியும் ஏறக்குறைய இதுதான். வழியில் புதுக்குடியிருப்பில் அரசு கட்டிய வெற்றிச் சின்னம் நிற்கும். உங்களோடு வாகனத்தில் வருகிறவர் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டால் நீங்களும் பேசாமல் இருங்கள்.

நினைவேந்தல் வாரம் 12ஆம் திகதி தொடங்கும். அந்த நாள்களில் சந்திகளிலும் கோயில் வாசல்களிலும் பல்கலைக்கழக வாசலிலும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. அவ்வளவுதான். கடைசி மாதங்களில் அந்தக் குறுகிய கரையில் அடைபட்ட சனத்துக்கு வேறொன்றும் இருக்கவில்லை, கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் மேலேயே ஷெல் விழுந்தது. சிரட்டையில் ஊற்றித் தருவார்கள், நின்ற இடத்திலேயே குடியுங்கள். பால் விட்டால் நல்லாயிருக்கும், பயறு போட்டால் நல்லாயிருக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். ருசி இல்லாமல் இருப்பதற்குத்தான் அந்தக் கஞ்சி. வெளிநாட்டில் பிறந்த உங்கள் பிள்ளை "ஏன் இதைக் குடிக்கிறோம்?" என்று கேட்டால், அந்த இடத்திலேயே சொல்லுங்கள். என் மகளுக்கு நான் பத்து வருடமாகச் சொல்ல முயன்றது, ஒரு சிரட்டைக் கஞ்சியோடு விளங்கியது.

18ஆம் திகதி முள்ளிவாய்க்கால் திடலில் காலை பத்தரை மணியளவில் சுடர் ஏற்றுவார்கள். வெயில் கொளுத்தும், மணலில் நிழல் இல்லை. வயதானவர்களுக்குத் தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோங்கள். ஒவ்வொருவரும் தம்மவரின் படத்தைச் சுடரடியில் சாத்தி வைப்பார்கள். உங்கள் வீட்டுப் படத்தைச் சட்டத்தோடு எடுத்துச் செல்லலாம், ஆனால் சீருடைப் படம் வேண்டாம், வீட்டுப் படமே போதும். அன்று பற்றைக்குள் இறங்காதீர்கள். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடக்கிறது, மண்டையோட்டுப் பலகை கண்டால் அதற்கப்பால் ஓரடியும் இல்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் தூபியை 2021 ஜனவரி 8 இரவு இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், மூன்று நாளில் மறுபடி அடிக்கல் வைக்கப்பட்டது, அதே வருடம் ஏப்ரலில் தூபி திரும்ப எழுந்தது. முள்ளிவாய்க்காலுக்குப் போக முடியாதவர்கள் அங்கே போய் விளக்கேற்றலாம். வாசலில் காவலாளியிடம் வந்த காரணத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

மற்ற நாள்கள்

ஒவ்வோர் ஊருக்கும் தன் நாள் உண்டு. உங்கள் பயணம் கார்த்திகையிலோ வைகாசியிலோ விழாவிட்டாலும், பக்கத்து ஊரில் ஒரு நாள் விழும். நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் ஜூலை 9: 1995இல் இடம்பெயர்ந்து வந்து தஞ்சமிருந்த சனத்தின் மேல் விமானம் குண்டு போட்ட நாள், பூசையும் விளக்கும் நடக்கும். நெடுந்தீவில் மே 15, குமுதினிப் படகில் 1985இல் வெட்டப்பட்டவர்களுக்கு. வள்ளிபுனத்தில் ஆகஸ்ட் 14, 2006இல் செஞ்சோலை வளாகத்தில் கொல்லப்பட்ட மாணவிகளுக்கு. மட்டக்களப்புச் சத்துருக்கொண்டானில் செப்டம்பர் 9, 1990இல் கொல்லப்பட்டவர்களுக்கு. நல்லூரில் செப்டம்பர் 15 முதல் 26 வரை திலீபனுக்கு, 1987இல் அவர் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல் உண்ணாவிரதம் கிடந்த பன்னிரண்டு நாளும் ஒவ்வொரு நாளாக.

கத்தோலிக்க ஊர்களில் நவம்பர் 2 மரித்தோர் நாள். சேமக்காலையில் மெழுகுதிரி எரியும்போது, போரில் போனவர்களும் நோயில் போனவர்களும் ஒரே வரிசையில் கிடப்பார்கள். கீரிமலையிலும் மாமாங்கத்திலும் ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடுகிற கூட்டத்தில் எத்தனை பேர் போரில் தகப்பனை இழந்தவர்கள் என்று யாரும் எண்ணுவதில்லை. இதற்கு அனுமதியும் தேவையில்லை, மேடையும் தேவையில்லை. கூட்டத்துக்குள் போகப் பயப்படுகிற குடும்பத்துக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

மட்டக்களப்புக்குப் போனால் காத்தான்குடிக்கும் போங்கள். 1990 ஆகஸ்ட் 3 அன்று அங்கே இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் புலிகளால் சுடப்பட்டார்கள். சுவரில் சூட்டுத் தடங்களை அப்படியே வைத்திருக்கிறார்கள், அந்த நாளைச் சுஹதாக்கள் (உயிர்த்தியாகிகள்) தினமாக நினைவுகூர்கிறார்கள். செருப்பைக் கழற்றி, தலையை மூடி, தொழுகை இல்லாத நேரத்தில் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். நம் பக்கத்துக் கதையை விளக்கப் போகாதீர்கள், கேட்டுவிட்டு வாருங்கள். ஜூன் 19இல் ஈ.பி.ஆர்.எல்.எஃப். (ஈழ மக்கள் புரட்சிகர விடுதலை முன்னணி) அமைப்பினர், 1990இல் புலிகளால் கொல்லப்பட்ட தங்கள் தலைவர் பத்மநாபாவையும் தோழர்களையும் நினைவுகூர்கிறார்கள். புலிகள் இயக்கத்தின் கையாலேயே பிள்ளையை இழந்த தமிழ் வீடுகள் நம் ஊர்களிலேயே உண்டு, அவர்கள் பல காலம் வெளியில் அழவே இல்லை. அந்த வீட்டுப் படத்துக்கும் ஒரு பூ வையுங்கள்.

சொல்லக்கூடாத ஒரு சொல்

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுப் பந்தல் போட்டு இருந்தார்கள். வவுனியாவில் சில நாள் கழித்துத் தொடங்கினார்கள். பந்தலில் இருந்த சிலர் பிள்ளையைக் காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள். அந்தத் தாய்மாரிடம் "திவசம் செய்தீங்களோ?" என்று கேட்காதீர்கள். படத்துக்கு மாலை போட்டிருக்கிறதா என்று சுவரைப் பாருங்கள். மாலை இல்லையென்றால் அந்தப் பிள்ளை அந்த வீட்டில் உயிரோடு இருக்கிறது. "தம்பி எங்கே?" என்று கேட்டால் "இன்னும் வரேல்லை" என்பார்கள். "வருவார் அம்மா" என்று பொய்க்கும் சொல்லவேண்டாம், "இனி வரமாட்டார்" என்றும் சொல்லவேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள், தேத்தண்ணி வரும், குடியுங்கள்.

சட்டமும் கமராவும்

விடுதலைப் புலிகள் இலங்கையில் தடை செய்யப்பட்ட அமைப்பு. இறந்தவருக்கு விளக்கேற்றுவது வேறு, புலிக்கொடி, சின்னம், தலைவரின் சீருடைப் படம் வேறு. பின்னதற்கு 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உள்ளே போனவர்கள் இருக்கிறார்கள். 2023 நவம்பரில் மட்டக்களப்பில் நினைவேந்தலை ஒட்டியே பலர் கைதானார்கள். 2024 மே மாதம் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்கே பெண்களைப் பிடித்தார்கள். எந்த ஊரில் எந்த வருடம் நீதிமன்றத் தடை வரும் என்பது அந்த வாரத்தில்தான் தெரியும், ஆகவே ஏற்பாட்டுக் குழுவில் உள்ளவரிடம் முதல்நாள் மாலை கேளுங்கள். கனடா, பிரித்தானியக் கடவுச்சீட்டு உங்களை விமானம் ஏற்றும், உங்களோடு நின்ற மச்சானை ஏற்றாது.

நீங்களோ உங்கள் அமைப்போ இலங்கை அரசின் தடைப்பட்டியலில் இருக்கிறீர்களா என்பதை வர்த்தமானியில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். 2014இல் வந்த பட்டியல் பின்னர் சில தடவை மாறியிருக்கிறது. கைப்பேசியில் உள்ள பழைய படங்கள், சட்டையில் உள்ள சின்னங்கள், பயணப் பையில் உள்ள நாட்காட்டி எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிட வேண்டாம்.

சிவில் உடையில் நிற்கிறவர்கள் வீடியோ எடுப்பார்கள். அவர்களோடு வாக்குவாதம் வேண்டாம். நீங்களும் எடுக்காதீர்கள். சுடரை எடுக்கலாம், பூவை எடுக்கலாம், அழுகிற தாயின் முகத்தை எடுத்து முகநூலில் போடாதீர்கள். ஒருமுறை எங்களோடு வந்த ஒருவர் அப்படிப் போட்ட படம் ஊரில் ஒரு வீட்டுக்கு விசாரணையைக் கொண்டுவந்தது. அவர் அதற்கு முன்பே விமானம் ஏறிவிட்டார். அந்த வீட்டுப் பெண் மூன்று தடவை போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்தார்.

சுடர் ஏற்றி முடிந்ததும் வாகனத்துக்கு ஓடாதீர்கள். எண்ணெய் இருக்கிற வரை தாய்மார் எழும்ப மாட்டார்கள். பெரியம்மா கடைசித் திரி கருகும்வரை குந்தியிருந்து, பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்புவார். கையைக் கொடுக்க ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். இருட்டில் வழி தெரியாது, டோர்ச் கொண்டுபோங்கள்.