முதிரைக் கதவில் ஓட்டை போடுவதற்கு முன்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் முதிரை மரத்தாலான நிலையும் கதவும் உள்ள வீடுகள் நிறைய. அதில் புதுப் பூட்டுப் போட வட்டம் வெட்டும்போது புகை கிளம்பினால், "மரம் இரும்பு மாதிரி, மெஷினுக்கு வலு காணாது" என்பார்கள். அநேகமாகக் குற்றம் இரண்டிலும் இல்லை, ட்ரில்லில் மாட்டிய பிட்டில்தான் (துளைக்கும் அலகு).

ஓட்டை மறுபக்கம் வரை போக வேண்டுமா, பாதியில் நிற்க வேண்டுமா என்று பார்க்காமல் பிட் வாங்குவதுதான் முதல் தவறு. உருண்டைப் பிடிப் பூட்டுக்குப் பொதுவாக 54 மி.மீ. ஓட்டை, கதவை ஊடுருவிப் போகும். அதற்கு ஹோல்சோ, அதாவது விளிம்பில் பல் உள்ள கிண்ணம் போன்ற வட்ட ரம்பம். அலுமாரிக் கதவின் மறை கீலுக்கு 35 மி.மீ. குழி, பாதியில் நிற்க வேண்டும். அங்கே ஹோல்சோ உதவாது, நடுக்கட்டை அப்படியே நிற்கும். ஃபோர்ஸ்ட்னர் பிட் அடியைச் சமமாக வெட்டித் தரும். தட்டையான ஸ்பேட் பிட் மென்மரத்துக்குச் சரி, முதிரையில் மறுபக்கத்தைப் பிய்த்துவிடும்.

ஹோல்சோவிலும் பல்லைப் பாருங்கள். நெருக்கமான சிறு பற்கள் தகரத்துக்கும் குழாய்க்கும் உரியவை. மரத்தூள் அந்த இடுக்கில் அடைந்து, வெளியேற வழியில்லாமல் சூடேறிக் கருகும், பல்லும் மழுங்கும். பற்கள் குறைவாக, இடைவெளி அகலமாக, கார்பைட் முனை வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் கருகிய முதிரைக் கதவுக்கு மாற்றுக் கதவு செய்யும் செலவைப் பாருங்கள்.

தூளுக்கு வழிவிட ஒரு நல்ல முறை உண்டு. ஹோல்சோவால் வட்டம் பதியும் அளவுக்கு மட்டும் வெட்டி நிறுத்துங்கள். வெட்டி எறியப்போகும் உள்பகுதியில், அந்தக் கோட்டைத் தொட்டபடி 10 மி.மீ. ஓட்டை ஒன்றை மறுபக்கம் வரை போடுங்கள். பிறகு வெட்டும்போது தூள் அதன் வழியே கொட்டும், புகை வெகுவாகக் குறையும். ஹோல்சோவின் நடுவில் உள்ள சிறு பிட்டின் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அந்தப் பக்கமிருந்து மீதியை வெட்டினால் விளிம்பு பிய்யாது.

ட்ரில்லை முழு வேகத்தில் விடாதீர்கள், இந்த அளவுக்கு நிமிடத்திற்கு 500 சுற்றுக்குள் போதும். சுவர் துளைக்கப் போட்டிருந்த ஹாமர் (இடித்துத் துளைக்கும்) பொத்தானை மறக்காமல் சாதாரணத் துளையிடலுக்கு மாற்றுங்கள். பக்கக் கைப்பிடியும் மாட்டியிருக்க வேண்டும். பல் இறுகினால் மெஷின் மணிக்கட்டையே திருகிவிடும்.

அப்புறம், முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும். மாஸ்க் போட்டு, முழுக்கைச் சட்டையுடன் வேலை செய்யுங்கள்.