பவளத் தொட்டியில் காரத்தன்மையை ஆடாமல் வைத்திருப்பது எப்படி?

தொட்டியில் பவளம் வாடினால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது விளக்கை. அடுத்து மீனை. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், கார்பனேட்டின் அளவான காரத்தன்மை நினைவுக்கு வருவது கடைசியில்தான். அக்ரோபோரா என்ற கல் பவளத்தின் கிளையில் அடிப்பாகத்தில் தசை சுருங்கி, சுண்ணாம்பு வெள்ளையாக எலும்பு தெரிய ஆரம்பித்தால், முந்தைய ஒன்றிரண்டு வாரங்களின் அளவுக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். காரத்தன்மை எங்கோ 2 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) ஏறியோ இறங்கியோ இருப்பது அடிக்கடி காணும் சங்கதி.

கல் பவளங்கள் தண்ணீரிலிருக்கும் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துத்தான் எலும்பு கட்டுகின்றன. இரண்டும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் குறையும்: காரத்தன்மை 1 டிகேஎச் இறங்கினால் கால்சியம் ஏறக்குறைய 7 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) இறங்கும். கால்சியம் 420 பிபிஎம் இருப்பதால் 7 போனால் இரண்டு சதவீதம்கூட இல்லை. காரத்தன்மையின் கையிருப்போ வெறும் 8. அதில் 1 போனால் எட்டில் ஒரு பங்கு காலி. அதனால்தான் கால்சியத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். காரத்தன்மையை விட்டுவைக்க முடியாது.

தொடங்கும் முன் ஒன்று. இந்தியாவில் கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம் ஆகியவையும் அதே பட்டியலில்தான். ராமேஸ்வரம், தூத்துக்குடி கடலிலிருந்து எடுத்த துண்டு என்று யாராவது கொடுத்தால் வாங்கவே கூடாது. கீழே கல் பவளம் பற்றிச் சொல்வது, பண்ணையில் வளர்த்த துண்டுகள் உரிய சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் உடன்படிக்கை) ஆவணத்தோடு சட்டப்படி விற்கப்படும் நாடுகளில் இருப்பவர்களுக்கு. சோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் போன்ற மென்பவளங்கள் சுண்ணாம்பு எலும்பு கட்டுவதில்லை. அந்தத் தொட்டிகளில் காரத்தன்மை மெதுவாகத்தான் இறங்கும். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினாலே பெரும்பாலும் ஈடாகிவிடும். ஆனாலும் அளக்கத்தான் வேண்டும்.

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்வது 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. விளிம்பு வரை நிரப்பினால் 190 லிட்டர் பிடிக்கும். கல்லும் மணலும் போக நிஜமாக இருக்கும் தண்ணீர் சுமார் 150 லிட்டர். மருந்துக் கணக்கை (குறைந்ததை ஈடுகட்ட ஊற்றும் கரைசலின் கணக்கை) எப்போதும் இந்த 150-ஐ வைத்தே போடுங்கள். 190-ஐ வைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் கால் பங்கு கூடுதலாக ஊற்றுவீர்கள்.

நிறுத்த வேண்டிய அளவுகள் இவை: உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), காரத்தன்மை 7.5 முதல் 9 டிகேஎச், கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1250 முதல் 1350, நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். காரத்தன்மைக்கு அந்த வரம்புக்குள் எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் சரி. 7.8 என்று வைத்தால் 7.8-லேயே நிற்கட்டும். இன்று 7.5, நாளை மறுநாள் 9 என்று ஆடினால், இரண்டு எண்களும் வரம்புக்குள் இருந்தும் பவளம் தாங்காது.

முதலில் உப்பு

உப்பு ஆடினால் மற்ற எல்லா எண்களும் சேர்ந்து ஆடும். தொட்டியிலிருந்து தண்ணீர் மட்டும்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே தங்குகிறது. நாளுக்கு 2 லிட்டர் போகும் தொட்டியை ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் கிட்டத்தட்ட 15 லிட்டர் குறைந்து, உப்பு 35-லிருந்து 39-ஐ நெருங்கும். காரத்தன்மை 8 இருந்தது 8.9 எனக் காட்டும். யாரும் எதையும் சேர்க்கவில்லை. தண்ணீர் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆவியான இடத்தை நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும், உப்புத் தண்ணீரால் அல்ல. தினமும் கையால் ஊற்றலாம், மிதவை வைத்த தானியங்கி இருந்தால் இன்னும் நல்லது.

அந்தத் தண்ணீர் ஆர்ஓ-வோடு, மிஞ்சிய அயனிகளைப் பிடிக்கும் டிஐ ரெசினும் தாண்டி, கரைந்த பொருள்களின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்ட வேண்டும். சமையலறை ஆர்ஓ இதற்கு ஒத்துவராது. குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று பல கருவிகளில் டிடிஎஸ் கன்ட்ரோலர் வைத்து, வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கிறார்கள். அதில் வரும் சிலிகேட்டும் நைட்ரேட்டும் நேராகத் தொட்டிக்குள் போய்ச் சேரும்.

உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் 0-க்கு மட்டும் சரிசெய்தால் மேல் முனையில் பிசகும். 35 பிபிடி திரவம் ஒரு புட்டி வாங்கி அதில் சரிபாருங்கள்.

எவ்வளவு குறைகிறது?

ஊகித்து ஊற்றினால் பவளம் சாகலாம். மருந்து எதுவும் சேர்க்காமல், தண்ணீரும் மாற்றாமல், மூன்று நாள் இடைவெளியில் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். திங்கள் மாலை 7 மணிக்கு என்றால் வியாழன் மாலை 7 மணிக்கு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என அளந்தால் நாளுக்குள்ளேயே இருக்கும் ஏற்ற இறக்கத்தை மூன்று நாள் குறைவாக எண்ணிக்கொள்வீர்கள்.

சொட்டு விட்டு அளக்கும் கிட்டில், குழாயில் இருக்கும் நீலம் கடைசிச் சொட்டுகளில் திடீரென ஆரஞ்சுக்கோ இளஞ்சிவப்புக்கோ புரளும். சில கிட்டில் நடுவே ஒரு மங்கிய சாம்பல் நிறம் வரும். அங்கே நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. இன்னொரு சொட்டு விட்டுக் குலுக்கி, நிறம் இனி மாறவில்லை என்று தெரிந்த பிறகே எண்ணைக் குறியுங்கள். ஊசிக்குழலின் நுனியில் காற்றுக்குமிழ் இருந்தாலும் அரை டிகேஎச் வரை தவறலாம்.

திங்கள் 8.6, வியாழன் 7.4 என்றால் மூன்று நாளில் 1.2 குறைந்திருக்கிறது. நாளுக்கு 0.4.

ஈடுகட்டும் கரைசல்

இரண்டு புட்டி போதும். முதல் புட்டியில் 1 லிட்டர் டிஐ தண்ணீரில் 30 கிராம் ஆப்ப சோடா. இரண்டாவதில் 1 லிட்டர் தண்ணீரில் 26 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், உணவுத் தரம். கால்சியம் குளோரைடு கரையும்போது சூடாகும். தண்ணீரை எடுத்துவைத்து அதில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட் மட்டும் இருப்பது. பேக்கிங் பவுடரில் மாவும் அமிலமும் கலந்திருக்கும், சலவை சோடாவில் என்னென்ன இருக்குமென்று சொல்ல முடியாது. இரண்டையும் தொடாதீர்கள். அலமாரி ஈரத்தை உறிஞ்ச விற்கும் டப்பாவிலும் கால்சியம் குளோரைடுதான் இருக்கும் என்று எடுத்துப் போடுபவர்கள் உண்டு, அதுவும் வேண்டாம்.

முதல் புட்டியில் 100 மில்லி ஊற்றினால் 100 லிட்டர் தண்ணீரில் காரத்தன்மை 1 டிகேஎச் ஏறும். இரண்டாவதில் அதே 100 மில்லி, அதற்கு ஈடான 7 பிபிஎம் கால்சியத்தைத் தரும். ஆகவே எப்போதும் இரண்டிலும் சம அளவு. நாளுக்கு 0.4 குறையும் நம் 150 லிட்டர் தொட்டிக்கு ஒவ்வொன்றிலும் 60 மில்லி. காலை 30, மாலை 30 எனப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஊற்றி அரை மணி நேரமாவது கழித்து மற்றதை, வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) தண்ணீரைத் தள்ளும் இடத்தில் ஊற்றுங்கள். இரண்டையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஊற்றினால் அந்த இடத்திலேயே பால்போல் வெளுத்துச் சுண்ணாம்பாகப் படியும். பவளத்துக்குப் போக வேண்டியது பம்பின் உள்ளே கெட்டியாகி அதை நிறுத்திவிடும்.

காரத்தன்மை ஏற்கெனவே 6-க்கு இறங்கியிருந்தால் ஒரே நாளில் 8-க்குத் தூக்காதீர்கள். நாளுக்கு அரை டிகேஎச் போதும். 150 லிட்டருக்கு 2 டிகேஎச் என்பது முதல் புட்டியில் 300 மில்லி. அன்றாட 60 மில்லிக்கு மேல் தினமும் 75 மில்லி என நான்கு நாளில் ஏற்றுங்கள்.

ஏசி அறையில் கதவும் ஜன்னலும் சாத்தியே இருப்பதால் நாம் விடும் மூச்சுக்காற்று அறையில் தேங்கி, தொட்டியின் பிஎச் 7.8-க்குக் கீழே போகும். ஆப்ப சோடா அதை உயர்த்தாது. அந்த 30 கிராமை ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தெடுத்தால் எடை 19 கிராமாகக் குறைந்து சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) ஆகிவிடும். மிஞ்சியது முழுவதையும் அதே 1 லிட்டரில் கரையுங்கள். காரத்தன்மைக் கணக்கு மாறாது, பிஎச் ஏறும். ஆனால் இன்னும் மெதுவாக ஊற்ற வேண்டும்.

சுண்ணாம்புத் தண்ணீர்

சிறிய தொட்டிக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. கால்சியம் ஹைட்ராக்சைடு கால்சியத்தையும் காரத்தன்மையையும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் கொடுக்கிறது, பிஎச்-ஐயும் தூக்குகிறது. வெற்றிலைச் சுண்ணாம்பும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் ஆகாது. உணவுத் தரமோ ஆய்வகத் தரமோ வாங்குங்கள். 1 லிட்டர் டிஐ தண்ணீருக்கு 2 கிராம் போட்டுக் குலுக்கி, மூடி, சில மணி நேரம் தெளியவிட்டு மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். திறந்து வைத்தால் மேலே மெல்லிய ஆடை கட்டும். காற்றிலிருக்கும் கரியமில வாயு சுண்ணாம்பைத் தின்பதால் வருவது அது. நீர் வலுவிழந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தத் தெளிந்த நீர் 2 லிட்டர் சேர்ந்தால் 150 லிட்டரில் 1.5 டிகேஎச் ஏறும். நமக்கு வேண்டியது 0.4. ஆகவே அரை லிட்டர் சுண்ணாம்பு நீரோடு ஒன்றரை லிட்டர் டிஐ தண்ணீர் கலந்து, அன்றைக்கு ஆவியான 2 லிட்டருக்கு ஈடாக விடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் ட்ரிப் செட் இதற்கு அருமையான கருவி. விநாடிக்கு ஒரு சொட்டு என்று உருளையைத் திருகிவைத்தால் 2 லிட்டர் இறங்க 11 மணி நேரம் ஆகும். பிஎச் இறங்கும் இரவில்தான் விட வேண்டும். குழாயில் சுண்ணாம்பு அடைக்கும். மாதம் ஒருமுறை வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். இதன் பிஎச் 12-க்கு மேல். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் தூளைக் கொட்டாதீர்கள்.

சுண்ணாம்பு நீரை ஈடாக விடும் நாட்களில் மேலே சொன்ன இரண்டு புட்டிகளும் வேண்டாம். இரண்டு வழியையும் சேர்த்து ஓட்டினால் காரத்தன்மை நாளுக்கு நாள் வரம்பைத் தாண்டி ஏறும்.

ஊற்றியும் நிற்கவில்லை என்றால்

மக்னீசியத்தைப் பாருங்கள். அது 1150-க்குக் கீழே போய்விட்டால் கால்சியமும் கார்பனேட்டும் தாமாகவே சேர்ந்து படிந்துவிடும். எவ்வளவு ஊற்றினாலும் எண் ஏறாது.

கிளை நுனிகள் மட்டும் வெந்தாற்போல் வெளுத்தால் காரத்தன்மை 10-க்கு மேலும் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் 0-வாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். எலும்பு வேகமாக வளர, மேலே போர்த்தும் தசைக்குத் தீனி இல்லை. காரத்தன்மையை மெதுவாக 8-க்கு இறக்கி, மீனுக்குத் தீனி கூட்டுங்கள். பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிடுங்கள்.

கிளை முழுக்க வெளுத்தும் தசை உயிரோடிருந்தால் அது காரத்தன்மையின் வேலை அல்ல. வெப்பமோ வெளிச்சமோ மிஞ்சியதால் உள்ளே வாழும் பாசியைப் பவளம் வெளியேற்றியிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்தது வெப்பத்தால்தான். 25 முதல் 27 டிகிரி நல்லது. தண்ணீர் 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஆபத்து. சென்னை போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகமாதலால் தொட்டிமேல் வைக்கும் விசிறி அவ்வளவாகக் குளிர்விக்காது. சித்திரை, வைகாசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியான சில்லர் இல்லாமல் முடியாது. மின்வெட்டுக்கு சில்லரை இன்வெர்ட்டரில் மாட்ட வேண்டாம், பேட்டரி தாங்காது. 10 வாட் வேவ்மேக்கர் ஒன்றை மாட்டுங்கள். இரவில் ஓட்டம் நின்றால் வெப்பத்துக்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்துவிடும்.

லெதர் பவளம் நாலைந்து நாள் மூடிக்கொண்டு மெழுகுபோல் பளபளத்தால் பயப்பட வேண்டாம். மேல்தோலை உரிக்கிறது. ஓட்டத்தைக் கொஞ்சம் அதிகப்படுத்தினால் தோல் கழன்று போய்விடும். அந்த நாட்களில் எண் சரியாக இருக்கும்போது எதையாவது ஊற்றிச் சரிசெய்யப் பார்ப்பதுதான் கெடுதல்.

சோவாந்தஸ், அதன் உறவான பாலிதோவா ஒட்டிய கல்லைத் தேய்க்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். சுத்தம் செய்கிறோம் என்று அந்தக் கல்லை வெந்நீரில் போடவோ கொதிக்கவைக்கவோ கூடாது. ஆவியோடு நஞ்சு கிளம்பினால் வீட்டிலிருக்கும் எல்லோரும் மருத்துவமனைக்குப் போக நேரும்.