நிழல்பாறைக் குறும்பாசி: அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்
நிழல்பாறைக் குறும்பாசி என்று இங்கே சொல்வது செலிஜீரியா பேரினத்துப் பாசிகளை (மாஸ்). இவற்றின் இலைத்தண்டு பெரும்பாலும் 1 முதல் 3 மி.மீ. உயரம்தான். நிழலான, ஈரக் கசிவுள்ள சுண்ணாம்புப் பாறையில் பச்சைப் படலமாகத் தெரிவதால், ஆல்கா என்று பலர் கடந்துவிடுவார்கள். கண்டுபிடிக்க 10 மடங்கு கைலென்ஸ் போதும். பெயர் சொல்ல மைக்ராஸ்கோப் வேண்டும்.

பாறையைச் சோதிக்காமல் பாசிக்குப் போகாதீர்கள். பாசி இல்லாத ஓரத்தில் 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புப் பாறை நுரைக்கும். டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புப் பாறை) என்றால் சுரண்டிய தூளில்தான் நன்றாக நுரைக்கும். நுரைக்காத மணற்பாறையின் அடிப்புறத்தில் இருப்பது டெட்ரோடோன்டியம் என்ற வேறு பேரினத்துப் பாசியாக இருக்கலாம். அதன் காப்சூல் (காம்பின் நுனியிலுள்ள வித்துப்பை) வாயில் 4 பற்கள். செலிஜீரியாவில் வழக்கமாக 16.

இந்தப் பல் கணக்கில்தான் அதிகம் சறுக்குகிறது. செலிஜீரியா டோனியானாவுக்குப் பல்லே கிடையாது. ஆனால் மற்றச் சிற்றினங்களிலும் பழைய காப்சூலில் பற்கள் உடைந்து உதிர்ந்திருக்கும். வெறும் வாயைப் பார்த்ததும் 'டோனியானா' என்று எழுதிவிடுகிறார்கள். மூடி விழும் தறுவாயில் உள்ள காப்சூலைத் தேடி, ஒரு சொட்டு நீரில் வைத்து, ஊசிமுனையால் மூடியை நெம்பிப் பாருங்கள். ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்து பார்ப்பது நல்லது.

காய்ந்த மாதிரியை வைத்துக் காம்பின் வளைவைத் தீர்மானிப்பது அடுத்த தவறு. செலிஜீரியா ரிகர்வேட்டாவின் காம்பு ஈரத்தில் வில்லாக வளையும், காய்ந்தால் நிமிர்ந்துவிடக்கூடும். நேரான காம்புள்ள செலிஜீரியா புசில்லா என்று அது ஏமாற்றும். நனைத்து, இலை விரிந்த பிறகே முடிவுசெய்யுங்கள்.

தண்டின் அடியிலுள்ள குட்டி இலைகளும் உதவாது. மேல் இலைகளை எடுங்கள். புசில்லாவில் நுனி நீண்டு மெலியும்; செலிஜீரியா கல்கேரியாவில் அகன்ற அடியிலிருந்து சட்டென்று குறுகி, மழுங்கிய நுனியில் முடியும். 400 மடங்கில் இலைச் செல்கள் மேல் சிறு புடைப்புகள் தெரிந்தால் அது ஜிம்னோஸ்டோமம் என்ற வேறு பாசி வகையறா. செலிஜீரியா செல்கள் வழவழப்பானவை. இலைகள் எதிரெதிரே இரண்டே வரிசையில் இருந்தால் அது ஃபிஸிடன்ஸ் என்ற இன்னொரு பாசிப் பேரினம்.

மொத்தமாகச் சுரண்டாதீர்கள், அந்த உள்ளங்கை அகலம்தான் அங்குள்ள மொத்தக் கூட்டமாகவும் இருக்கலாம். அனுமதி பெற்று, காப்சூலுடன் நாலைந்து தண்டு மட்டும் காகித உறையில் எடுங்கள். பிளாஸ்டிக்கில் பூஞ்சணம் பிடிக்கும். காப்சூலே கிடைக்கவில்லையா? உறையில் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, காப்சூல் முதிரும் பருவத்தில் மறுபடி போய்ப் பாருங்கள்.